ஜாவாவில் த்ரெட்களுக்கு இடையே டேட்டாவைப் பாதுகாப்பாகப் பகிர்வது: முழுமையான வழிகாட்டி

ஒரு பஸ்ஸில் ஒரே ஒரு சீட் மீதமிருக்கிறது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் புக் செய்கிறார்கள். சர்வரில் இரண்டு த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) ஆளுக்கொரு வேண்டுகோளை எடுத்துக்கொள்கின்றன. இரண்டும் மீதம் எத்தனை என்று பார்க்கின்றன. இரண்டுக்கும் 1 என்றே தெரிகிறது. இரண்டும் டிக்கெட் கொடுத்துவிடுகின்றன. எர்ரர் எதுவும் வராது, எந்த எச்சரிக்கையும் பதிவாகாது. பயணிகள் இருவரும் ஒரே சீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும்போதுதான் தவறு வெளியே தெரியும்.

இதைச் சரிசெய்ய உட்காருபவர்களில் பெரும்பாலோர் நிரலில் எந்த வரியைப் பூட்டலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. தேட வேண்டியது வரியை அல்ல, டேட்டாவை. எந்த டேட்டாவைப் பல த்ரெட்கள் தொடுகின்றன, அதை எந்தப் பூட்டு காக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதிய பிறகே நிரலில் கை வையுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த இரண்டு கேள்விகளிலிருந்து வருபவை. உதாரணங்கள் ஜாவாவில் இருந்தாலும் சி++, கோ, சி ஷார்ப் எழுதுபவர்களுக்கும் தர்க்கம் இதேதான். பைத்தானில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடும் ஜிஐஎல் பூட்டு இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். ஓர் எண்ணோடு ஒன்றைக் கூட்டும் வரி அங்கேயும் பல பைட்கோடு கட்டளைகளாகத்தான் ஓடுகிறது.

உடைவது எது?

மூன்று விஷயங்கள் தனித்தனியாக உடைகின்றன. மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல என்பதால் பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம்.

முதலாவது, ஒரே மூச்சில் நடக்க வேண்டிய வேலை துண்டாவது. சீட் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைப்பது நமக்கு ஒரே வரி. ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அது மூன்று வேலை: மெமரியிலிருந்து படி, ஒன்றைக் கழி, திரும்ப எழுது. மீதம் 40 இருக்கும்போது இரண்டு த்ரெட்கள் நுழைந்தால் இப்படி நடக்கலாம்:

1. முதல் த்ரெட் 40 என்று படிக்கிறது.
2. இரண்டாவது த்ரெட்டும் 40 என்று படிக்கிறது.
3. முதல் த்ரெட் 39 என்று எழுதுகிறது.
4. இரண்டாவது த்ரெட்டும் 39 என்றே எழுதுகிறது.

போனது இரண்டு டிக்கெட், குறைந்தது ஒன்று. இதை நீங்களே பார்க்கலாம்: ஒரு சாதாரண ஸ்டாட்டிக் எண்ணை இரண்டு த்ரெட்கள் ஆளுக்கு 10 லட்சம் முறை கூட்டட்டும். விடை 20 லட்சம் வர வேண்டும். பெரும்பாலும் அதைவிடக் குறைவாக வரும், ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு எண்ணாக வரும்.

இரண்டாவது, ஒரு த்ரெட் எழுதியது இன்னொன்றுக்குத் தெரியாமலே போவது. ஒரு த்ரெட் 'ஓடு' என்ற பூலியன் உண்மையாக இருக்கும்வரை சுழல்கிறது. இன்னொரு த்ரெட் அதைப் பொய்யாக மாற்றுகிறது. சுழற்சி நிற்கவே இல்லை. காரணம், சுழற்சிக்குள் அந்த மதிப்பை யாரும் மாற்றவில்லை என்று பார்த்த ஜிட் கம்பைலர் (ஓடும்போதே நிரலை வேகமான மெஷின் கோடாக மாற்றும் பகுதி), படிக்கும் வேலையைச் சுழற்சிக்கு வெளியே தூக்கி வைத்துவிட்டது. ஒரு முறை படித்ததோடு சரி. இங்கே ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. என்ன நடக்கிறது என்று பார்க்கச் சுழற்சிக்குள் ஒரு பிரின்ட் வரியைப் போட்டால் பிழை மறைந்துவிடும். பிரின்ட்டுக்குள்ளேயே ஒரு பூட்டு இருப்பதால் கம்பைலர் அந்த மாற்றத்தைச் செய்ய முடியாமல் போகிறது. பிரின்ட் போட்டதும் சரியாகிவிட்டது என்றால் பிழை தீரவில்லை, இது த்ரெட் பிழைதான் என்பதற்கு அதுவே நல்ல தடயம்.

மூன்றாவது, வரிசை மாறுவது. ஓர் ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, உள்ளே மதிப்புகளை நிரப்பி, கடைசியில் அதைப் பொது வேரியபிளில் வைக்கிறீர்கள். மற்ற த்ரெட்டுக்கு ஆப்ஜெக்ட் தெரியும். உள்ளே இருக்கும் எண்கள் இன்னும் 0 ஆகவே இருக்கும். கம்பைலரும் பிராசசரும் ஒற்றை த்ரெட்டின் விடை மாறாத வரையில் எழுதும் வரிசையை மாற்றிக்கொள்ள உரிமை உள்ளவை. இன்டெல், ஏஎம்டி பிராசசர்கள் இதில் கொஞ்சம் கட்டுப்பாடானவை. ஆர்ம் பிராசசர்கள் அதிகச் சுதந்திரம் எடுத்துக்கொள்பவை. பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய நிரல் ஆர்ம் சர்வருக்கு மாறியதும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

ஒரு த்ரெட் எழுதியது எந்த த்ரெட் படிக்கும்போது கட்டாயம் தெரிய வேண்டும் என்ற விதிகளை ஜாவா 2004-இல் வந்த 5-ஆம் பதிப்பில் திருத்தி எழுதியது. சாரம் இதுதான்: பூட்டை விடுவதற்கு முன் எழுதியதெல்லாம், அதே பூட்டை அடுத்துப் பிடிக்கும் த்ரெட்டுக்குத் தெரியும். வாலடைல் என்று குறித்த வேரியபிளில் எழுதுவதற்கு முன் எழுதியதெல்லாம், அதே வேரியபிளில் அந்த மதிப்பைப் படிக்கும் த்ரெட்டுக்குத் தெரியும். 'அதே பூட்டு', 'அதே வேரியபிள்' என்பவைதான் இதில் உயிரான சொற்கள்.

படி 1: பகிரப்படும் டேட்டாவைப் பட்டியலிடுங்கள்

ஒரு தாளை எடுத்து ஸ்டாட்டிக் ஃபீல்டுகள், சிங்கிள்டன் (நிரல் முழுவதற்கும் ஒன்றே ஒன்றான) ஆப்ஜெக்ட்களின் ஃபீல்டுகள், கேஷ்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். வெப் வேண்டுகோள்களைக் கையாளும் சர்வ்லெட்டிலும் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கின் கன்ட்ரோலர், சர்வீஸ் கிளாஸ்களிலும் இருக்கும் ஃபீல்டுகளை மறக்க வேண்டாம். ஸ்பிரிங் வழக்கமாக ஒவ்வொரு பீனுக்கும் (தான் உருவாக்கி நிர்வகிக்கும் இத்தகைய கிளாஸுக்கும்) ஒரே ஓர் ஆப்ஜெக்ட்டைத்தான் வைத்திருக்கும். எல்லா வேண்டுகோள்களும் அதற்குள்ளேதான் ஓடும். அங்கே 'தற்போதைய பயணி' என்று ஒரு ஃபீல்டு வைத்தால் ஒருவருடைய விவரம் இன்னொருவரின் திரையில் வரும்.

லைப்ரரி ஆப்ஜெக்ட்களும் பட்டியலில் சேரும். பலரும் தடுக்கி விழுவது சிம்பிள் டேட் ஃபார்மேட்டில். வடிவமைப்புக்கு மட்டும் பயன்படும் அப்பாவி ஆப்ஜெக்ட் போலத் தெரிந்தாலும், உள்ளே ஒரு காலண்டரை மாற்றி மாற்றி எழுதுகிறது. இரண்டு த்ரெட்கள் அதைப் பகிர்ந்தால் தேதிகள் குழம்பும். ஜாவா 8-இல் வந்த டேட் டைம் ஃபார்மேட்டர் மாறாத ஆப்ஜெக்ட். அதைத் தாராளமாகப் பகிரலாம்.

மெத்தடுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிள்கள் பட்டியலில் வராது. அவை அந்தந்த த்ரெட்டுக்கே சொந்தம்.

படி 2: முடிந்தவரை பகிராதீர்கள், பகிர்ந்தால் மாற்றாதீர்கள்

பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, இது உண்மையிலேயே பொதுவில் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு கோடி வரிகளை 8 த்ரெட்கள் எண்ண வேண்டுமானால், பொது எண்ணுக்கு 8 பேர் முட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஒவ்வொன்றும் தன் லோக்கல் எண்ணில் எண்ணிவிட்டு முடிவில் 8 எண்களைக் கூட்டினால் போதும். பூட்டே தேவைப்படாது, வேகமாகவும் இருக்கும்.

ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பை வைத்துக்கொள்ளும் த்ரெட் லோக்கல் இதற்கு உதவும். ஆனால் த்ரெட்களைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் த்ரெட் பூலில் ஒரே த்ரெட் அடுத்தடுத்த வேண்டுகோள்களை எடுக்கும். வேலை முடிந்ததும் ஃபைனலி பகுதியில் ரிமூவ் அழைக்காவிட்டால் முந்தைய பயணியின் டேட்டா அடுத்தவருக்குக் கிடைத்துவிடும்.

பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் மாறாத ஆப்ஜெக்ட்டாகப் பகிருங்கள். எல்லா ஃபீல்டுகளும் ஃபைனல், உள்ளே இருக்கும் லிஸ்ட் நகலெடுக்கப்பட்ட மாறாத லிஸ்ட், கன்ஸ்ட்ரக்டர் முடியும் முன் திஸ் வெளியே போகக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் எந்தப் பூட்டும் இல்லாமல் எல்லா த்ரெட்டுக்கும் சரியான மதிப்பே தெரியும் என்று ஜாவா உறுதி தருகிறது. ஜாவா 16 முதல் ரெக்கார்டு இதற்கு எளிய வழி. ஒன்றில் மட்டும் கவனம்: ரெக்கார்டுக்குள் வைத்த லிஸ்ட் மாறக்கூடியதாக இருந்தால் ரெக்கார்டு அதைத் தடுக்காது.

கட்டண விவரம் மாதிரி எப்போதாவது மாறும் டேட்டாவுக்கு இந்த முறை கச்சிதம். புதிய கட்டணங்களோடு முழுதாக ஒரு புதிய ஆப்ஜெக்ட்டை உருவாக்கி, வாலடைல் வேரியபிளில் ஒரே அடியாக மாற்றி வையுங்கள். படிப்பவர்கள் பழையதை முழுதாகப் பார்ப்பார்கள், அல்லது புதியதை முழுதாகப் பார்ப்பார்கள். ஆனால் ஒரே மெத்தடில் அந்த வேரியபிளை இரண்டு முறை படிக்காதீர்கள், நடுவில் மாறிவிடலாம். மெத்தடின் முதல் வரியில் ஒரு லோக்கலில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பயன்படுத்துங்கள்.

படி 3: மீதமுள்ளவற்றுக்குப் பூட்டு

இப்போது பட்டியல் சுருங்கியிருக்கும். 40 சீட் உள்ள நம் பஸ் உதாரணத்தில் மிஞ்சுவது இரண்டு: காலி சீட் எண்ணிக்கை, எந்த சீட் யாருக்கு என்ற மேப். இவை தனித்தனி டேட்டா அல்ல. 'எண்ணிக்கையும் மேப்பின் அளவும் சேர்ந்தால் எப்போதும் 40' என்ற உறவு இரண்டையும் கட்டிப்போடுகிறது. இந்த உறவை நிரலில் ஒரு கமென்ட்டாகவே எழுதி வையுங்கள். உறவால் கட்டப்பட்டவை எல்லாவற்றையும் ஒரே பூட்டு காக்க வேண்டும். எண்ணிக்கையை அட்டாமிக் ஆக்கி, மேப்பைக் கன்கரன்ட் ஆக்கி, இரண்டையும் தனித்தனியாகப் பாதுகாப்பானவையாக மாற்றினாலும் உறவு காக்கப்படாது. ஒன்று மாறி மற்றொன்று மாறாத இடைவெளியில் இன்னொரு த்ரெட் எட்டிப் பார்க்க முடியும்.

பஸ் ஆப்ஜெக்ட் ஒவ்வொன்றிலும் பூட்டுக்கென்றே ஒரு பிரைவேட் ஃபைனல் ஆப்ஜெக்ட் வையுங்கள். டேட்டாவைத் தொடும் ஒவ்வோர் இடமும், படிக்க மட்டுமே செய்யும் இடமும், அந்தப் பூட்டைப் பிடித்து ஓடும் சின்க்ரனைஸ்டு பகுதிக்குள் இருக்கட்டும். படிப்பதற்குப் பூட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டால் மேலே சொன்ன இரண்டாவது, மூன்றாவது பிரச்சினைகள் அப்படியே இருக்கும். சீட் இருக்கிறதா என்று பார்ப்பதும் அதைக் கொடுப்பதும் ஒரே பிடியில் நடக்க வேண்டும். பார்க்கும்போது ஒரு முறை பூட்டிவிட்டு, கொடுக்கும்போது மறுபடி பூட்டினால் நடுவில் சீட் போய்விடும்.

இங்கே நடக்கும் தவறுகளில் அடிக்கடி வருபவை மூன்று.

எண்ணையே பூட்டாக வைப்பது. இன்டிஜர் வேரியபிளைப் பூட்டிவிட்டு அதில் ஒன்றைக் குறைத்தால் அங்கே வேறு ஆப்ஜெக்ட் வந்துவிடும். ஒரு த்ரெட் பழைய பூட்டில் நிற்க, அடுத்தது புதிய பூட்டோடு உள்ளே போய்விடும். போதாததற்கு -128 முதல் 127 வரையுள்ள இன்டிஜர் ஆப்ஜெக்ட்களை ஜாவா பொதுவில் வைத்து எல்லோருக்கும் தருகிறது. அதே ஜேவிஎம்முக்குள் ஓடும், சம்பந்தமே இல்லாத வேறொரு நிரல்பகுதியும் அதே ஆப்ஜெக்ட்டைப் பூட்டியிருக்கக்கூடும். நேரடியாக எழுதிய ஸ்டிரிங்கைப் பூட்டாக வைத்தாலும் இதே கதைதான்.

ஸ்டாட்டிக் டேட்டாவுக்கு சாதாரண மெத்தடில் சின்க்ரனைஸ்டு போடுவது. ஸ்டாட்டிக் மெத்தட் கிளாஸைப் பூட்டுகிறது, சாதாரண மெத்தட் அந்த ஆப்ஜெக்ட்டைப் பூட்டுகிறது. பார்வைக்கு இரண்டிலும் ஒரே சொல், ஆனால் பூட்டு வேறு வேறு.

பூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே பேசப் போவது. பணம் செலுத்தும் அழைப்புக்கு 2 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அது பூட்டுக்குள் நடந்தால் அந்த பஸ்ஸுக்கு நிமிடத்துக்கு 30 டிக்கெட்டுக்கு மேல் விற்கவே முடியாது, எத்தனை த்ரெட் இருந்தாலும் சரி. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்: பூட்டைப் பிடித்து சீட்டை, உதாரணமாக 8 நிமிடக் கெடுவோடு, ஒருவர் பெயரில் நிறுத்தி வைத்து, பூட்டை விடுங்கள். பூட்டில்லாமல் பணத்தை வாங்குங்கள். மறுபடி பூட்டைப் பிடித்து, அந்த சீட் இன்னும் அவர் பெயரில்தான் நிற்கிறதா என்று பார்த்து உறுதி செய்யுங்கள். கடைசிச் சோதனையை விட்டுவிடுபவர்கள் அதிகம். கெடு முடிந்து சீட் வேறொருவருக்குப் போயிருக்கலாம். அப்போது பணத்தைத் திருப்பித் தரும் வழியும் நிரலில் இருக்க வேண்டும்.

காத்திருக்க ஒரு வரம்பு வேண்டும் என்றால் ரீஎன்ட்ரன்ட் லாக் என்ற பூட்டு கிளாஸை எடுங்கள். ட்ரைலாக்கில் 2 நொடி கொடுத்து, கிடைக்காவிட்டால் மீண்டும் முயலச் சொல்லிப் பயனரை அனுப்பலாம். பூட்டைப் பிடிக்கும் வரி ட்ரைக்கு முன்னாலும், விடும் வரி ஃபைனலியிலும் இருக்கட்டும். விடுவது ஃபைனலியில் இல்லாவிட்டால் நடுவில் வரும் ஒரே ஓர் எக்செப்ஷன் போதும், சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்வரை அந்த பஸ் பூட்டியே கிடக்கும்.

ஜாவா 21-இன் விர்ச்சுவல் த்ரெட்களில் (சில உண்மையான த்ரெட்களின் மேல் ஏராளமாக ஓடும் இலகுவான த்ரெட்கள்) ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: சின்க்ரனைஸ்டு பகுதிக்குள் நெட்வொர்க்குக்காகக் காத்திருந்தால் அடியில் சுமக்கும் உண்மையான த்ரெட்டும் சேர்ந்து முடங்கும். ஜாவா 24-இல் இது தீர்ந்துவிட்டது. இடைப்பட்ட பதிப்புகளில் அப்படிப்பட்ட இடங்களுக்கு ரீஎன்ட்ரன்ட் லாக் நல்லது.

படி 4: வாலடைலும் அட்டாமிக்கும் எங்கே போதும்?

வாலடைல் தெரியச் செய்யும், துண்டாகாமல் காக்காது. நிறுத்தச் சொல்லும் பூலியனுக்கு அது போதும். எண்ணிக்கைக்குப் போதாது.

தனித்து நிற்கும் ஒரே எண்ணுக்கு அட்டாமிக் இன்டிஜர். அதிலும் 'பூஜ்யத்தைவிட அதிகமா' என்று ஒரு அழைப்பிலும், 'ஒன்றைக் குறை' என்று அடுத்த அழைப்பிலும் கேட்டால் எண் -1 ஆகும். ஒவ்வோர் அழைப்பும் தனித்தனியாகத்தான் பாதுகாப்பானது. சரியான முறை: மதிப்பைப் படியுங்கள், 0 என்றால் விலகுங்கள், இல்லையென்றால் 'நான் படித்த மதிப்பே இன்னும் இருந்தால் மட்டும் ஒன்று குறைத்து வை' என்ற கம்பேர் அண்ட் செட், தோற்றால் மறுபடி முதலிலிருந்து. அப்டேட் அண்ட் கெட் இதே சுழற்சியை உள்ளே செய்கிறது. நாம் தரும் ஃபங்ஷன் பல முறை ஓடக்கூடும் என்பதால் அதற்குள் மெயில் அனுப்புவது போன்ற வேலை எதுவும் கூடாது.

புள்ளிவிவரத்துக்கு மட்டும் எண்ணுகிறீர்கள், போட்டி கடுமை என்றால் லாங் ஆடர் எடுங்கள். அது எண்ணைப் பல அறைகளில் பிரித்து வைத்துக் கேட்கும்போது கூட்டித் தருகிறது.

படி 5: கலெக்‌ஷன்கள்

சாதாரண ஹாஷ்மேப்பில் பல த்ரெட்கள் எழுதினால் பதிவுகள் தொலையும். ஜாவா 7 வரை அதைவிட மோசம்: மேப் பெரிதாகும் நேரத்தில் இரண்டு த்ரெட்கள் மோதினால் உள்ளே இருக்கும் சங்கிலி வளையமாகிவிடும், பிறகு படிக்க வரும் த்ரெட் அதில் முடிவில்லாமல் சுற்றி சிபியுவை 100 சதவீதத்தில் நிறுத்தும். ஜாவா 8 அந்த வளையத்துக்கான காரணத்தை நீக்கியது. தொலைவது அப்படியேதான்.

கன்கரன்ட் ஹாஷ்மேப் எடுத்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. முதலில் கெட், பிறகு புட் என்று எழுதினால் இரண்டுக்கும் நடுவில் அதே பழைய ஓட்டை. எண்ணுவதற்கு மெர்ஜ், இல்லாவிட்டால் உருவாக்குவதற்குக் கம்ப்யூட் இஃப் ஆப்சென்ட் என்று ஒரே அழைப்பில் முடியுங்கள். கம்ப்யூட்டுக்குத் தரும் ஃபங்ஷனுக்குள் அதே மேப்பை மாற்ற வேண்டாம். ஜாவா 8-இல் அது அப்படியே தொங்கிவிடக்கூடும். அந்த ஃபங்ஷன் குறுகியதாகவும் இருக்கட்டும், அது ஓடும்போது மேப்பின் ஒரு பகுதி பூட்டப்பட்டிருக்கும்.

சின்க்ரனைஸ்டு லிஸ்ட்டில் சுழற்சி ஓட்டும்போது அந்த லிஸ்ட்டையே நாமே பூட்ட வேண்டும். அதன் ஆவணத்திலேயே எழுதியிருந்தும் பலர் தவறவிடும் வரி இது.

படி 6: கொடுத்துவிட்டு மறப்பது

டேட்டாவைச் சேர்ந்து வைத்திருப்பதைவிடக் கைமாற்றிவிடுவது பல இடங்களில் நல்லது. டிக்கெட் உறுதியானதும் மெசேஜ் அனுப்பும் வேலையை ஒரு பிளாக்கிங் க்யூவில் (காலியானால் எடுப்பவரையும் நிரம்பினால் போடுபவரையும் காத்திருக்க வைக்கும் வரிசை) போடுங்கள், வேறொரு த்ரெட் எடுத்துச் செய்யட்டும். போட்ட பிறகு அந்த ஆப்ஜெக்ட்டை நீங்கள் தொடக் கூடாது. க்யூவுக்கு அளவு கட்டாயம் வேண்டும். நியூ ஃபிக்ஸ்டு த்ரெட் பூல் தரும் பூலின் க்யூவுக்கு வரம்பே இல்லை. அனுப்பும் பக்கம் மெதுவானால் வேலைகள் குவிந்து மெமரி தீர்ந்துபோகும். 500 என்று ஓர் அளவு வைத்து, நிரம்பினால் என்ன செய்வது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.

த்ரெட்டைத் தூங்கவைக்கும் வெயிட், எழுப்பும் நோட்டிஃபை இரண்டையும் நேரடியாக எழுதுகிறீர்கள் என்றால் நிபந்தனையை இஃப் வைத்துச் சோதிக்காமல் வைல் சுழற்சியில் சோதியுங்கள். யாரும் எழுப்பாமலே த்ரெட் விழித்துக்கொள்ளலாம். எழுப்பிய பிறகும் இன்னொரு த்ரெட் முந்திக்கொண்டு நிபந்தனையை மாற்றியிருக்கலாம்.

படி 7: ஒன்றையொன்று பார்த்து உறையும் பூட்டுகள்

ஒரு பயணியை 12-ஆம் பஸ்ஸிலிருந்து 47-ஆம் பஸ்ஸுக்கு மாற்றுகிறது ஒரு த்ரெட். அதே நேரத்தில் இன்னொரு த்ரெட் 47-இலிருந்து 12-க்கு மாற்றுகிறது. முதலாவது 12-ஐப் பிடித்துக்கொண்டு 47-க்குக் காத்திருக்கிறது. இரண்டாவது 47-ஐப் பிடித்துக்கொண்டு 12-க்கு. இரண்டும் இனி நகராது. இதுதான் டெட்லாக்.

தீர்வு எளியது: எப்போதும் சிறிய எண் உள்ள பஸ்ஸை முதலில் பூட்டுங்கள், மாற்றம் எந்தத் திசையில் இருந்தாலும். எல்லா இடத்திலும் இந்த ஒரே வரிசை இருந்தால் வட்டம் உருவாகவே வழியில்லை. பூட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள் எழுதாத கால்பேக் (பிறர் கொடுத்த ஃபங்ஷன்) எதையும் அழைக்காதீர்கள். அது எந்தப் பூட்டைப் பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, வரிசை அங்கேதான் குலையும்.

படி 8: சோதனை

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. ஓஹியோவில் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ஊமையாகிவிட்டதால், மின்பாதைகள் துண்டிக்கப்படுவது அங்கிருந்தவர்களுக்குத் தெரியாமல் போனது அதற்கான காரணங்களில் ஒன்று. பின்னர் ஆராய்ந்தபோது, இரண்டு வேலைகள் ஒரே டேட்டாவில் மோதிய ரேஸ் கண்டிஷன் என்று தெரிந்தது. அந்த மென்பொருள் வெவ்வேறு இடங்களில் மொத்தம் 30 லட்சம் மணி நேரத்துக்கு மேல் ஓடியும் அந்தப் பிழை வெளியே வந்ததில்லை.

ஆகவே டெஸ்ட் பாஸ் ஆனது எதையும் நிரூபிக்காது. தோற்பதற்கான வாய்ப்பைப் பெருக்கும்படி டெஸ்ட் எழுதுவதே நம்மால் முடிந்தது. 40 சீட்டுக்கு 200 த்ரெட்கள். எல்லாவற்றையும் ஒரு கவுன்ட்டவுன் லாட்ச்சில் (த்ரெட்களைத் தடுத்து நிறுத்தும் வாயில்) நிறுத்தி ஒரே நேரத்தில் திறந்துவிடுங்கள். முடிந்ததும் விற்றது சரியாக 40-தானா, ஒரே சீட் இருவருக்குப் போனதா, எண்ணிக்கையும் மேப்பும் சேர்ந்து 40 வருகிறதா என்று பாருங்கள். இதை 1,000 முறையாவது திரும்பத் திரும்ப ஓட்டுங்கள், ஓர் ஆர்ம் மெஷினிலும் ஓட்டுங்கள். மெமரி வரிசை சார்ந்த சிறு துண்டுகளுக்கு ஓப்பன்ஜேடிகேவின் ஜேசிஸ்ட்ரெஸ் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. கோ எழுதுபவர்கள் ரேஸ் கொடியோடும், சி++ எழுதுபவர்கள் த்ரெட் சானிடைசரோடும் டெஸ்ட்டை ஓட்டலாம். வேகம் பல மடங்கு குறையும் என்பதால் அது நிஜ சர்வருக்கு அல்ல. ஓட்டத்தில் தொடப்பட்ட பாதைகளில் உள்ள மோதல்களை மட்டுமே அவை காட்டும்.

பல சர்வர்கள் இருந்தால்

இதுவரை சொன்ன எந்தப் பூட்டும் ஒரு ஜேவிஎம்முக்குள் மட்டுமே. சர்வர் இரண்டானதும் கடைசி சீட் மறுபடி இரண்டு முறை விற்கப்படும். அப்போது காவல் டேட்டாபேஸுக்குப் போக வேண்டும்: காலி எண்ணிக்கை 0-க்கு மேல் இருந்தால் மட்டும் ஒன்றைக் குறைக்கும்படி நிபந்தனையோடு ஒரே அப்டேட் எழுதி, மாறிய பதிவுகள் எத்தனை என்று பாருங்கள். 1 என்றால் சீட் உங்களுடையது, 0 என்றால் தீர்ந்துவிட்டது. பஸ் எண், பயணத் தேதி, சீட் எண் மூன்றுக்கும் சேர்த்து ஒரு யுனிக் கட்டுப்பாடும் போடுங்கள். நிரலில் எங்கோ ஒரு வழி அடைபடாமல் இருந்தாலும், அதே சீட்டுக்கு வரும் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே திருப்பி அனுப்பிவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் உறைந்தால்

உடனே ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், தடயம் அழிந்துவிடும். ஜேஸ்டாக் கருவியால் 10 நொடி இடைவெளியில் மூன்று முறை த்ரெட் டம்ப் (ஒவ்வொரு த்ரெட்டும் எந்த வரியில் நிற்கிறது என்ற பட்டியல்) எடுங்கள். டெட்லாக் என்றால் டம்ப்பின் கடைசியில் ஜாவாவே அதைச் சொல்லி, எந்த த்ரெட் எதைப் பிடித்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கிறது என்று வரி எண்ணோடு காட்டிவிடும். அப்படி இல்லாமல் பல த்ரெட்கள் பிளாக்ட் என்று நின்றால், அவை காத்திருக்கும் பூட்டின் முகவரியை எடுத்து, அதை லாக்ட் என்று காட்டும் த்ரெட்டைத் தேடுங்கள். மூன்று டம்ப்பிலும் அந்த ஒரே த்ரெட் நெட்வொர்க் சாக்கெட்டிலிருந்து படிக்கும் ஒரே வரியில் நிற்கிறது என்றால், யாரோ பூட்டைப் பிடித்துக்கொண்டு நெட்வொர்க்குக்குப் போயிருக்கிறார்கள். படி 3-இல் சொன்ன மூன்றாவது தவறு அந்த வரியில் இருக்கிறது. ரன்னபிள் என்று காட்டும் த்ரெட் மூன்று டம்ப்பிலும் ஹாஷ்மேப்புக்குள்ளேயே இருந்தால், அந்த மேப் எந்த ஃபீல்டு என்று பார்த்து, படி 1-இன் பட்டியலில் அது விடுபட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள்.